எலும்பியல் அறுவை மருத்துவர் எப்படி உருவாகிறார்? பி.ஜி. பயிற்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எலும்பு முறிந்த ஒருவரை இரவு நேரத்தில் அழைத்துச் சென்றால், முதலில் வந்து பார்ப்பவர் பெரும்பாலும் முப்பது வயதை எட்டாத ஒரு மருத்துவராகவே இருப்பார். கூட வந்தவர்கள் அவரிடம் முதலில் கேட்பது, "பெரிய டாக்டர் எப்ப வருவாரு?" என்பதாக இருக்கும். அந்த இளைஞர் எம்.பி.பி.எஸ். முடித்து முறைப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான். எலும்பியல் அறுவை சிகிச்சையில் மட்டும் இன்னும் பயிற்சியில் இருப்பவர். ஏட்டில் அவருக்கு ஜூனியர் ரெசிடென்ட் என்று பெயர்; வார்டில் எல்லோரும், முதுநிலை மாணவர் என்ற பொருளில், பி.ஜி. என்பார்கள். அவர் எதைத் தாமே செய்யலாம், எதை மேலுள்ளவரைக் கேட்டுச் செய்ய வேண்டும், எதில் கைவைக்கவே கூடாது என்பதற்கெல்லாம் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு, அவருடைய தேர்ச்சியைப் பார்த்துப் பார்த்து, மெல்ல மெல்ல விரிக்கப்படுகிறது. ரெசிடென்சி என்னும் பயிற்சி முறையின் சாரம் இதுதான். அது எப்படி நடக்கிறது என்பதை, மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இங்கே விளக்கலாம்.

இந்தப் பயிற்சிக்கு வரும் வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எம்.பி.பி.எஸ். படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து, ஐந்தரை ஆண்டுகள். அதன்பின் நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, மதிப்பெண்ணுக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப ஒரு துறையைப் பெற வேண்டும். ஜிப்மர், எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ. செட் என்னும் தனித் தேர்வு உண்டு. எலும்பியலைத் தேர்ந்தெடுப்பவருக்கு எம்.எஸ். ஆர்த்தோ மூன்று ஆண்டுப் படிப்பு. தேசியத் தேர்வு வாரியத்தின் கீழ் வரும் டி.என்.பி. படிப்புக்கும் அதே காலம்தான். பழைய பெயர்ப்பலகைகளில் காணப்படும் டி.ஆர்த்தோ என்பது இரண்டாண்டு டிப்ளமா. அந்த இடங்களில் பெரும்பாலானவை இப்போது பட்டப்படிப்பு இடங்களாக மாற்றப்பட்டுவிட்டன. தமிழ்நாட்டில், அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலை இடங்களில் தனி ஒதுக்கீடு உண்டு. அப்படி ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரே வகுப்பில், நேற்று உள்ளுறைப் பயிற்சி முடித்தவரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல ஆண்டுகள் பிரசவமும் பாம்புக்கடியும் பார்த்துவிட்டு வந்தவரும் அருகருகே நிற்பதைக் காணலாம். பின்னவருக்குப் புத்தகப் படிப்பு சற்று விட்டுப்போயிருக்கும். நோயாளியிடம் பேசும் நிதானம் கைவந்திருக்கும்.

மருத்துவமனையிலேயே தங்கி, பணி செய்துகொண்டே அறுவை சிகிச்சை கற்கும் இந்த ஏற்பாட்டை ஒழுங்கான அமைப்பாக ஆக்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவர் இதைத் தொடங்கினார். பலரைச் சேர்த்து, ஆண்டுதோறும் சிலரைக் கழித்து, இறுதியில் ஒருவரை மட்டும் தலைமைப் பொறுப்புக்குக் கொண்டுவரும் கூர்நுனிக் கோபுர அமைப்பு அது. இன்று அப்படிக் கழிப்பதில்லை. சேர்ந்தவர் அனைவரும் முடித்து வெளியேற வேண்டும் என்பதே நோக்கம். பொறுப்பைப் படிப்படியாகக் கையளிக்கும் முறை மட்டும் அப்படியே தொடர்கிறது. நம் பகுதியைப் பொறுத்தவரை, மருத்துவக் கல்வி இங்கே புதிதன்று. பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964-இல் ஜிப்மராக வளர்ந்து, 2008-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும், ஊரைச் சுற்றியுள்ள தனியார் மருத்துவக் கல்லூரிகளும் பின்னாளில் வந்தவை.

முதல் ஆண்டு: உயிர், கால், பிறகு எலும்பு

சேர்ந்த புதிதில் ஒரு பி.ஜி. எலும்பைப் பற்றி அதிகம் கற்பதில்லை என்று சொன்னால் வியப்பாக இருக்கும். அவர் முதலில் கற்பது, எலும்பைப் பிறகு பார்க்கலாம் என்பதையே. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ விழுப்புரம் – நாகப்பட்டினம் நெடுஞ்சாலையிலோ இரு சக்கர வாகன விபத்தில் சிக்கி வருபவரின் தொடை எலும்பு முறிந்து, கால் கோணலாகத் திரும்பியிருக்கும். எல்லோர் கண்ணும் அந்தக் காலில்தான் நிலைக்கும். ஆனால் அவர் உயிரைப் பறிக்கக்கூடியது மூச்சுக்குழலில் உள்ள அடைப்பாகவோ, நெஞ்சுக்குள் தேங்கும் காற்றாகவோ, வயிற்றுக்குள் கசியும் குருதியாகவோ இருக்கலாம். ஆகவே முதலில் மூச்சுப்பாதை, அடுத்து சுவாசம், அதற்கடுத்து இரத்த ஓட்டம் என்ற வரிசையில்தான் எவரையும் சோதிக்க வேண்டும். உலகெங்கும் கற்பிக்கப்படும் இந்த ஒழுங்குக்கு வித்திட்டவரும் ஓர் எலும்பியல் மருத்துவரே. ஜேம்ஸ் ஸ்டைனர் என்பவர் 1976-இல் தம் குடும்பத்தோடு சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் விழுந்து நொறுங்கியது, மனைவி அங்கேயே இறந்தார், பிள்ளைகள் படுகாயமடைந்தனர். அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் கிடைத்த முதல் சிகிச்சையின் குறைபாடு அவரை உலுக்கியது. அதன் விளைவாக 1978-இல் தொடங்கிய பயிற்சி வகுப்பே இன்று ஏ.டி.எல்.எஸ். என்ற பெயரில் உலகம் முழுவதும் நடக்கிறது.

உயிருக்கு ஆபத்தில்லை என்று உறுதியான பின்னர், அடுத்த கேள்வி அந்தக் கை அல்லது கால் பிழைக்குமா என்பது. முறிவுக்குக் கீழே நாடித்துடிப்பு இருக்கிறதா, விரல்களை அசைக்க முடிகிறதா, தொடு உணர்வு இருக்கிறதா, நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த நிறம் உடனே சிவக்கிறதா என்று பார்த்து, பார்த்த நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். எக்ஸ்ரே படம் இதில் எதையும் காட்டாது. வார்டு சுற்றின்போது யூனிட் தலைவர் எக்ஸ்ரேயைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "பல்ஸ் பாத்தியாப்பா? எத்தனை மணிக்கு?" என்று கேட்பது வழக்கம். எழுதாதது பார்க்காததற்குச் சமம் என்பது அங்கே விதி.

இங்கே ஒரு நோய்நிலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தப் பி.ஜி.யையும் இரவில் உறங்கவிடாமல் செய்வது அதுதான். பயிற்சியின் நோக்கம் என்ன என்பதையும் அது நன்றாகக் காட்டும். முன்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் தசைகள், நீட்சியற்ற உறைகளால் சூழப்பட்ட அறைகளுக்குள் அமைந்துள்ளன. முறிவுக்குப் பின் உள்ளே வீக்கம் கூடும்போது உறை விரிந்துகொடுக்காததால் அழுத்தம் ஏறி, தசைக்கும் நரம்புக்கும் குருதி போவது நின்றுவிடும். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயர். குருதி கிடைக்காத தசை சுமார் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதற்குள் உறையை நீளமாக வெட்டித் திறந்துவிட்டால் கால் பிழைக்கும். தாமதித்தால் தசை மடிந்து, விரல்கள் மடங்கி, கை வாழ்நாள் முழுவதும் பயனற்றுப் போகலாம். சிக்கல் என்னவென்றால், தொடக்கத்தில் நாடித்துடிப்பு நன்றாகவே இருக்கும். எக்ஸ்ரேயில் புதிதாக ஒன்றும் தெரியாது. முறிவுக்குப் பொருந்தாத அளவுக்கு வலியும், விரல்களைப் பிறர் மெதுவாக நீட்டினாலே அலறும் நிலையுமே நம்பத்தக்க அறிகுறிகள். வலிக்கு ஊசி போட்டும் அடங்காமல், "கட்டு போட்டதுக்கு அப்புறம் இன்னும் அதிகமா வலிக்குது" என்று ஒருவர் இரவு இரண்டு மணிக்குச் சொன்னால், இன்னொரு வலி ஊசி எழுதிவிட்டுத் தூங்கப் போகும் பி.ஜி.க்கும், கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சீனியரை எழுப்பும் பி.ஜி.க்கும் உள்ள வேறுபாடுதான் ஒருவருடைய கையாகவோ காலாகவோ வந்து நிற்கிறது. தேவையில்லாமல் எழுப்பிவிட்டோமோ என்ற கூச்சத்தைப் போக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி. இரவில் எழுப்பியதற்காகக் கடிந்துகொள்ளும் சீனியர் தமக்குக் கீழுள்ளவரைக் கெடுக்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

நம் ஊரில் இந்தப் பாடத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. எலும்பு முறிந்தால் முதலில் நாட்டு வைத்தியரிடம் போய் மூங்கில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டு, அல்லது ஆந்திரத்துப் புத்தூர் வரை போய்க் கட்டிக்கொண்டு வருபவர்கள் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் இன்றும் உண்டு. இடம் பெயராத எளிய முறிவுகள் எந்தக் கட்டுப் போட்டாலும் கூடிவிடும் என்பதால் அந்த வைத்தியத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும் கையில் முதல் நாளே இறுக்கிக் கட்டினால் மேலே சொன்ன ஆபத்து நேரும். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த சிறுவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். அந்த இடத்தில் எலும்பை ஒட்டியே முக்கியமான இரத்தக்குழாய் செல்கிறது. நோயாளியின் தந்தையைப் பழிக்காமல், பேசும் தொனியில் ஏளனம் கலக்காமல், கட்டை உடனே பிரித்தாக வேண்டிய காரணத்தைச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது அறுவை சிகிச்சையைவிடக் கடினமான திறமை. அகில இந்திய ஒதுக்கீட்டில் வேறு மாநிலத்திலிருந்து வரும் பி.ஜி., குடைச்சல், எரிச்சல், மரத்துப்போதல் என்று நோயாளி சொல்வதை வேறுபடுத்திப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது தமிழ் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எரிச்சலும் மரத்துப்போதலும் நரம்பைச் சந்தேகிக்கச் சொல்பவை.

மாவுக்கட்டுப் போடுவதும் முதல் ஆண்டுக்குரிய பாடமே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது எளிய வேலையாகத் தெரியும். முதல் நாளில் முழு வட்டமாகக் கட்டாமல் ஒரு பக்கம் மட்டும் தாங்கும் பட்டையாக வைப்பது, எலும்பு துருத்தும் இடங்களில் பஞ்சை அதிகம் வைப்பது, மாவு இறுகும்போது சூடு எழும் என்பதால் மிகச் சூடான நீரில் நனைக்காமல் இருப்பது, விரல் நுனியால் அழுத்தாமல் உள்ளங்கையால் தாங்கி வடிவம் கொடுப்பது என்று கையால் மட்டுமே கற்கக்கூடிய நுணுக்கங்கள் அதில் பல. வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பாட்டிமார்களின் கையை, முறிந்த இடத்தில் மரப்பு ஊசி போட்டு, இழுத்து, நேராக்கி, கட்டுப் போடுவதே பெரும்பாலான பி.ஜி.க்கள் தம் கையால் முழுமையாகச் செய்யும் முதல் சிகிச்சை. தொடை எலும்பு முறிவுக்குப் பயன்படும் தாமஸ் ஸ்பிளிண்ட் என்னும் இரும்புச் சட்டத்தையும் அப்போதே கற்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூ ஓவன் தாமஸ் வடிவமைத்த அந்தச் சட்டம், முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்த வீரர்கள் இறந்துபோவதைப் பெருமளவு குறைத்தது. நூறாண்டுகளுக்குப் பிறகும் நம் வார்டுகளில் அது தொங்கிக்கொண்டிருக்கிறது.

தியேட்டருக்குள்

அறுவை அரங்கில் பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டருகே தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்த எழுபது வயது மூதாட்டிக்கு, முறிந்த தலைப்பகுதியை எடுத்துவிட்டு உலோகத் தலையைப் பொருத்தும் அறுவை சிகிச்சை நடக்கிறது என்று கொள்வோம். முதல் ஆண்டு பி.ஜி. அந்த அரங்கில் செய்வது, நோயாளியைச் சரியான நிலையில் படுக்கவைக்க உதவுவது, கிருமிநீக்கி தடவுவது, தசைகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆகியவைதான். மணிக்கணக்கில் ரிட்ராக்டர் பிடிப்பது சலிப்பூட்டும் வேலை. ஆனால் எந்தத் தசைக்கு அடியில் எந்த நரம்பு ஓடுகிறது என்பதை அவர் கண்ணால் கற்பது அங்கேதான். சில மாதங்களில் தோலை மூடித் தைக்க அனுமதி கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் தோலைத் திறந்து மூட்டு வரை செல்லும் வழியை, எதிரே சீனியர் நிற்க, அவர் செய்வார். அதன்பின் எலும்பைச் சீர்செய்வது, உலோகத்தைப் பொருத்துவது. மூன்றாம் ஆண்டில் முழு அறுவையையும் அவர் நடத்த, பேராசிரியர் உதவியாளராக நிற்பார் அல்லது அரங்கிலேயே இருந்து கவனிப்பார். பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தாமே செய்தது என்று ஒவ்வொன்றும் லாக் புத்தகத்தில் பதிவாகி, ஆசிரியரின் கையொப்பம் பெறுகிறது.

இந்த ஏணியில் எல்லாரும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை; ஏறவும் கூடாது. எலும்பில் துளையிடும்போது அப்பக்கத்துச் சுவரைத் துளைத்தவுடன் கருவியை நிறுத்தத் தெரியாமல் உள்ளே பாயவிட்டால், பின்னாலிருக்கும் இரத்தக்குழாய் கிழியலாம். அந்தக் கணத்தை ஒலி மாறுவதிலிருந்தும் கையில் உணரும் தடை தளர்வதிலிருந்தும் அறிய வேண்டும். இதை நோயாளியின் எலும்பில் முதன்முறையாகக் கற்கக் கூடாது என்பதால், பிளாஸ்டிக் எலும்புகளில் தகடும் திருகாணியும் பொருத்திப் பழகும் பட்டறைகள் நடத்தப்படுகின்றன. மாரிஸ் முல்லரும் அவருடைய தோழர்களும் 1958-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏ.ஓ. என்னும் குழு, முறிந்த எலும்பை உலோகத்தால் நிலைநிறுத்தும் நெறிகளை வகுத்ததோடு, அவற்றைக் கைப்பழக்கமாகக் கற்பிக்கும் வகுப்புகளையும் பரப்பியது. இன்று இந்திய நகரங்களிலும் அந்த வகுப்புகள் நடக்கின்றன. ஒரு தடவை பார், ஒரு தடவை செய், ஒரு தடவை பிறருக்குக் கற்றுக்கொடு என்ற பழைய வாய்ப்பாடு அறுவை மருத்துவர்களிடையே பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவ்வளவு நன்றாக இல்லை.

எலும்பியல் அரங்குக்கே உரிய மற்றொரு பாடம் கதிர்வீச்சு. அறுவையின்போதே எலும்பின் நிலையைத் திரையில் காட்டும் சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே கருவி இன்றி, தொடை எலும்புக்குள் கம்பி செலுத்தும் அறுவையை நினைத்துப் பார்க்க முடியாது. ஆகவே ஈயக் கவசமும் கழுத்துக் காப்பும் அணிந்து, உடம்பில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பட்டையையும் குத்திக்கொண்டு நிற்க வேண்டும். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டும், எந்த ஒரு தனி ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டும் மேல்வரம்பு. தூரம் இரண்டு மடங்கானால் அளவு நான்கில் ஒரு பங்காகும் என்பதால், படம் எடுக்கும் நொடியில் ஓர் அடி பின்னே நகர்ந்து நிற்பதும் நல்ல பாதுகாப்பு. கவசம் கனமானது, வெக்கை தாங்கவில்லை என்று சொல்லி அதைத் தவிர்க்கும் இளைஞர்களை அதட்டி அணியவைப்பதும் சீனியர்களின் கடமைதான்.

எதைச் செய்யாமல் விடுவது

கத்தியைக் கையாளும் திறன் வந்த பிறகு வருவது தீர்மானிக்கும் திறன். இதுவே எல்லாவற்றிலும் கடைசியாகக் கைவருவது. பண்ருட்டிப் பக்கம் பலா மரத்திலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்து முதுகெலும்பு முறிந்து வரும் இருவரை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரே ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தாலும், ஒருவருக்கு அறுவையும் மற்றவருக்குப் படுக்கை ஓய்வும் இடுப்புப் பட்டையும் என்று முடிவு வேறுபடலாம். நரம்பு பாதிக்கப்பட்டுள்ளதா, முறிவு நிலையானதா, அவருடைய வயது என்ன, அவர் செய்யும் தொழில் என்ன, நீரிழிவு இருக்கிறதா என்பவையெல்லாம் சேர்ந்துதான் முடிவு.

மிகக் கடுமையான முடிவு, சிதைந்த காலைக் காப்பதா எடுப்பதா என்பது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவுகளை, காயத்தின் அளவையும் மாசையும் திசுச் சேதத்தையும் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கும் கஸ்டிலோ – ஆண்டர்சன் முறையை எல்லாப் பி.ஜி.க்களும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் மூன்றாம் வகைக்குள் வருபவர்களிடையே வேறுபாடு மிகப் பெரிது. அங்கே அந்த முறை அதிகம் உதவாது. இதற்குக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். தோல், எலும்பு, தசை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட்டு, வயது, இரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலை, நீரிழிவு போன்ற பிற காரணிகளுக்குத் தலா இரண்டு மதிப்பெண் சேர்த்துக் கூட்டுவார்கள். மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காலைக் காக்க முயல வேண்டும். 17 அல்லது அதற்கு மேல் போனால் எடுப்பதே நல்லது. இடைப்பட்டது, அனுபவசாலிகள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய பகுதி. நம் சாலைகளில் அடிபட்டவர்களைப் பார்த்துப் பார்த்து உருவான இந்த அளவுகோலைப் பிற நாட்டினரும் எடுத்துக்கொண்டுள்ளனர். அந்த இடைப்பட்ட பகுதியில் பெரியவர்கள் தமக்குள் வாதிடுவதைப் பக்கத்தில் நின்று கேட்பது, பி.ஜி.க்கு எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம்.

அறுவையே இல்லாமல் குணமாக்கும் கலைக்கும் பயிற்சியில் இடமுண்டு. பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, ஒரு காலத்தில் பெரிய அறுவை செய்தார்கள். அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய இக்னாசியோ போன்செட்டி, வாரம் ஒருமுறை பாதத்தை மெதுவாகத் திருப்பி மாவுக்கட்டுப் போட்டு, ஐந்தாறு கட்டுகளில் வளைவை நிமிர்த்தி, தேவையானால் குதிகால் நாணை மட்டும் சிறு கீறலால் வெட்டிவிடும் முறையை வகுத்தார். அதன்பின் மூன்று மாதம் நாள் முழுவதும், பிறகு நான்கு வயது வரை இரவில் மட்டும், கம்பியால் இணைத்த சிறப்புக் காலணி அணிய வேண்டும். கட்டுப் போடும் மருத்துவரின் கட்டைவிரல், பாதத்தில் ஒரு குறிப்பிட்ட எலும்பின் தலையை உணர்ந்து அதன்மேல் நிற்க வேண்டும். சற்று நகர்ந்தாலும் பாதம் தவறாக வளையும். ஆனால் இந்தச் சிகிச்சை தோற்பது பெரும்பாலும் காலணிக் கட்டத்தில்தான். பாதம் நேராகிவிட்டதே, குழந்தை அழுகிறதே என்று வீட்டில் கழற்றிவிடுவார்கள், வளைவு திரும்பிவிடும். கட்டுப் போட்ட பி.ஜி.யே அந்தக் குழந்தையின் பாட்டியிடம் உட்கார்ந்து பேசாவிட்டால், அவருடைய கட்டைவிரல் திறமை வீண்.

ஏடும் தேர்வும்

துறை யூனிட்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு தலைவர், உதவிப் பேராசிரியர்கள், முதுநிலைப் படிப்பை முடித்துவிட்டுப் பணியில் இருக்கும் சீனியர் ரெசிடென்ட், பி.ஜி.க்கள். வாரத்தில் குறிப்பிட்ட நாளில் புறநோயாளிப் பிரிவு, குறிப்பிட்ட நாளில் அறுவை, சுழற்சியில் அவசரப் பிரிவு டியூட்டி. இடையில் கருத்தரங்கு, ஆய்விதழ்க் கட்டுரை விவாதம், நோயாளி விளக்க வகுப்பு. ஆய்வேடு ஒன்றும் எழுத வேண்டும்; தலைப்புக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்று, நோயாளிகளைப் பின்தொடர்ந்து, தேர்வுக்கு முன்பே சமர்ப்பித்துவிட வேண்டும். பல ஆய்வேடுகள் கடமைக்கு எழுதப்பட்டு அலமாரியில் தூங்குகின்றன என்பது உண்மைதான். ஆனால் அறுவை முடிந்தவரை ஓராண்டு கழித்தும் தேடிப் பிடித்து நடக்கச் சொல்லிப் பார்க்கும் பழக்கத்தை, பலருக்கு அந்த ஆய்வேடுதான் முதன்முதலில் ஏற்படுத்துகிறது.

தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். மஞ்சக்குப்பத்தில் உள்ள கடலூர் அரசு தலைமை மருத்துவமனை போன்ற இடங்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. கல்லூரி மருத்துவமனையில் கேட்டவுடன் கிடைக்கும் கருவியும் பிற துறை வல்லுநரும் இல்லாத சூழலில், எதை இங்கேயே செய்யலாம், எதை எந்த நிலையில் மேல் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்பதை அங்கே கற்க முடியும். ஆள் பற்றாக்குறையை நிரப்பும் வழியாக மட்டும் இதைப் பயன்படுத்தினால், அந்தக் கற்றல் நடக்காது.

இறுதித் தேர்வில் நான்கு எழுத்துத் தாள்களும் செய்முறைத் தேர்வும் உண்டு. வெளியூர்த் தேர்வாளர்கள் முன்னிலையில், ஒரு நோயாளியை நெடுநேரம் சோதித்து விளக்கும் பெரிய கேஸ், விரைவாகப் பார்த்துச் சொல்லும் சிறிய கேஸ்கள், பிறகு மேசையில் பரப்பிய எலும்புகள், கருவிகள், உலோகப் பொருத்திகள், எக்ஸ்ரே படங்களைக் கொண்டு கேள்விகள். இந்தியாவில் இன்றும் பெரிய கேஸாக முதுகெலும்புக் காசநோயோ, கூடாத பழைய முறிவோ, ஆறாத எலும்புச் சீழோ வருவது இயல்பு.

பணி நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நியாயமான பணி நேரமும் ஓய்வும் வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் தர வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. அமெரிக்காவில் இந்தப் பயிற்சி ஐந்து ஆண்டுகள். அங்கே 2003 முதல் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பும் உண்டு. நம் நாட்டில் அவசரப் பிரிவு டியூட்டி முடிந்த மறுநாளும் வார்டு வேலை தொடர்வதைப் பல இடங்களில் காணலாம். நோயாளிகள் நிறைய இருப்பதால் அனுபவம் நிறையக் கிடைக்கிறது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அனுபவம் கிடைப்பது உண்மையே. ஆனால் ஸ்கேன் தேதி வாங்கவும், குருதி வங்கிக்கு ஓடவும், படிவம் நிரப்பவும் செலவாகும் நேரம் பயிற்சி ஆகாது. போதிய ஊழியர்கள் இல்லாததன் சுமை அது. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமைக் கண்டுபிடிக்க வேண்டியவர் கண்விழித்துச் சோர்ந்திருப்பது நோயாளிக்கும் நல்லதில்லை.

கற்பிக்கும் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோர், தம் அறுவையை யார் செய்வார்கள், மேற்பார்வை யார் என்று கேட்பதில் தவறில்லை; சம்மதப் படிவத்தில் கைநாட்டு வைப்பதற்கு முன் அதை விளக்குவது மருத்துவரின் கடமை. பி.ஜி. பார்க்கிறார் என்பதால் சிகிச்சை தாழ்ந்ததாகிவிடாது. ஒரே நோயாளியை முதல் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, சீனியர் ரெசிடென்ட், பேராசிரியர் என்று நான்கு பேர் அடுத்தடுத்துப் பார்ப்பதால், ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடிக்கும் வாய்ப்பு அங்கே அதிகம். பி.ஜி. சொல்வதில் சந்தேகம் இருந்தால், உங்கள் யூனிட் தலைவர் என்ன சொன்னார் என்று மரியாதையாகக் கேட்கலாம்; நல்ல பி.ஜி. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தேர்வில் வென்றவர் தம் கூடுதல் பட்டத்தை மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்கிறார். கல்லூரி ஆசிரியராக விரும்புபவர் சீனியர் ரெசிடென்டாக ஓராண்டாவது பணியாற்ற வேண்டும். மூட்டு மாற்று, முதுகெலும்பு, கை, குழந்தைகள் எலும்பியல், விளையாட்டுக் காயம் என்று உட்பிரிவில் இறங்குபவர்கள் மேலும் ஓரிரு ஆண்டுகள் ஃபெலோஷிப் செய்வார்கள். நெய்வேலியிலோ விருத்தாசலத்திலோ தனியாக மருத்துவமனை வைக்கப்போகும் ஒருவருக்கு அந்த உட்பிரிவுகளைவிட, நாள்தோறும் வரும் சாதாரண முறிவுகளைப் பிழையின்றிச் செய்யும் கைதான் அதிகம் உதவும். அதனால் மூன்றாண்டு முடிந்தவுடன் தனியே போகாமல், நெரிசல் மிகுந்த ஓர் அரசு மருத்துவமனையில் சீனியர் ரெசிடென்டாக இருந்து, முடிவுகளைத் தாமே எடுத்து, சிக்கல் வந்தால் கேட்க மேலே ஒருவர் இருக்கும் நிலையிலேயே இன்னும் சில காலம் பணியாற்ற விரும்புபவர்கள் பலர்.